வடக்கு எல்லை: மூக்காயி

எங்கள் பிரதேச செயலகத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். குறை சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும், அரைகுறையாகச் சொல்லி அவர்களுடைய உழைப்பைக் குறைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாத்தளை மாவட்டத்தில் அது எந்தச் செயலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் மறுப்புக் கடிதம் அனுப்புவார்கள். அது வந்து சேர்வதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

பல்லேபொலவிலிருந்து ஆட்டோ பிடித்து, ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தால் நாகமலைத் தோட்டம். மிளகும் கொக்கோவும்தான் அங்கே வேலை. மேல் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறாவது காம்பரா லெட்சுமணனுடையது. 'உடையது' என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நான்கு தலைமுறையாக அந்த ஒற்றை அறையில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, செத்திருக்கிறார்கள். ஆனாலும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்கு இலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வருகிற கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குப் போகும். அங்கே பெரிய கிளாக்கர் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். டின் நிறைந்ததும் ஆள் விட்டு லயத்துக்கு அனுப்புவார். நிறையாத டின்னை அனுப்புவது அவருடைய கௌரவத்துக்குச் சரிவராது.

போன வருஷம் அந்த டின் நிறைய நாளெடுத்தது. அதற்குள்ளே லெட்சுமணனின் மகள் நிஷாந்திக்கு வந்த கடிதம் ஒன்று கிடந்தது. தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை பன்னிரண்டாம் திகதி என்று அதில் இருந்தது. கடிதம் அவள் கைக்கு வந்தது பத்தொன்பதாம் திகதி. மிளகு காயப்போட்டிருந்த படங்கின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை லயமே கேட்டது. வயதெல்லைப்படி இன்னும் ஒரே ஒரு தரம்தான் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதமும் டின்னுக்குள் போனால், அவளும் தாயைப் போல மிளகுக் கொடிக்கு ஏணி சாத்த வேண்டியதுதான்.

லெட்சுமணன் அழவில்லை. கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு வீட்டு இலக்கம் கேட்டுச் செயலகத்துக்குப் போனார். மனுசன் வெகுளி. இலக்கம் என்றால் ஒரு தகரத்தில் எழுதிக் கொடுப்பார்கள், ஆணி அடித்து மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

அங்கே விஷயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் தங்கேஸ்வரி, வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். மரியாதை தெரிந்த பெண். "அண்ணை, இதை நிரப்பித் தாங்கோ" என்று ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். லெட்சுமணன் எட்டாம் வகுப்புப் படித்தவர். வாங்கில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே நிரப்பினார். ஒன்பதாவது கேள்வி, நான்கு எல்லைகளையும் அங்கே வசிப்பவர்களையும் கேட்டது. கிழக்கே தோட்ட ரோடு, தெற்கே தண்ணிப் பீலி, மேற்கே கக்கூஸ் என்று எழுதினார். வடக்கே என்ற இடத்தில், கை தன்பாட்டில் 'மூக்காயி' என்று எழுதிவிட்டது.

அவர் மேல் பிழை இல்லை. நாகமலையில் வழி சொல்வதே அப்படித்தான். மூக்காயிக்குக் கீழே பீலி, மூக்காயிக்கு அந்தப் பக்கம் கோயில் என்பார்கள். லயத்துக்கு மேலே இருக்கிற காட்டுக்கு அதுதான் பெயர், அதில் இருக்கிற பேய்க்கும் அதுதான் பெயர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் மூக்காயி என்றொரு பெண் மிளகு எடுத்தாள். ஒரு நாள் துரை அவளுக்கு அரைப் பேர் போட்டு, பாதி நாள் கூலியை வெட்டினார். 'நீ நல்லாயிருப்பியா?' என்று அவள் மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் காலையில் துரையின் குதிரை செத்துக் கிடந்தது. அது ஏற்கனவே இரண்டு வருஷமாகச் சாவதற்குத் தயாராக இருந்த குதிரை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சூனியக்காரி என்று கல்லெறிந்து துரத்தினார்கள். காட்டுக்குள் போனவள் திரும்பவில்லை. அன்றிலிருந்து, மிளகு எடுப்பின் முதல் நாள் காட்டோரத்தில் அவளுக்கு வெற்றிலையும் சுருட்டும் ஒரு சேலையும் வைத்து, மூன்று கல் கூட்டிப் பொங்கிவிட்டுத்தான் ஏணியைத் தொடுவார்கள். பயமும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

தங்கேஸ்வரி படிவத்தைப் பார்த்தார். "வடக்கில மூக்காயி எண்டு போட்டிருக்கிறியள். அவவின்ர ஆட்சேபனை இல்லைக் கடிதம் எங்க?"

"அது பேய்ங்க மிஸ்."

"அது எனக்குத் தேவையில்லை அண்ணை. அயலவர் எண்டா கடிதம் வேணும்."

"செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"அப்ப மரணச் சான்றிதழைக் கொண்டுவாங்கோ."

"அப்படின்னா அந்தப் பேர வெட்டிட்டு, காடுன்னு எழுதிக்கிறேனுங்களே?"

தங்கேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். "அரச ஆவணத்தில வெட்டலாமோ அண்ணை? வெட்டினா புதுப் படிவம் வேணும். புதுப் படிவம் முடிஞ்சுது."

லெட்சுமணன் தோட்ட ஆபிசுக்கு ஓடினார். பெரிய கிளாக்கர் கறையான் தின்றது போக மீதியிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களைக் கிளறினார். வேலைக்காரர் பெயரெல்லாம் ஏறுகிற புத்தகம் அது. 1911ஆம் வருஷத்துப் பக்கத்தில் மூக்காயி இருந்தாள். வயது இருபத்தைந்து. பெயருக்கு நேரே, சிவப்பு மையில், 'ஓட்டம்' என்று போட்டிருந்தது. தோட்டத்தில் செத்தால்தான் சாவு. காட்டுக்குள் ஓடிச் செத்தால் அது ஓட்டம். கிளாக்கர் நேர்மையானவர். இருப்பதை அப்படியே எழுதிக் கொடுத்தார்: 'எமது பதிவேட்டின்படி மேற்படி மூக்காயி என்பவர் இறக்கவில்லை. ஓடிப்போயுள்ளார்.'

இந்தக் கடிதம் நிர்வாக உத்தியோகத்தர் சிவசுப்பிரமணியத்தின் மேசைக்குப் போனது. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லஞ்சம் வாங்காத மனிதர், ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அவரைப் பிடித்து எதையும் சாதிக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். பிடிக்காமலும் எதையும் சாதிக்க முடியாது என்பது லெட்சுமணனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இறக்காத ஆளை இறந்திட்டா எண்டு சொல்ல எனக்கு அதிகாரமில்லை" என்றார் சிவசுப்பிரமணியம். "அவவுக்குப் பதிவுத் தபாலில எழுதிக் கேப்பம்."

"ஐயா, அவங்களுக்கு இப்ப வயசு நூத்தி முப்பத்தெட்டு ஆவுதுங்க."

"முதியோர் எண்டா முன்னுரிமை குடுக்கத்தான் வேணும்" என்று அவர் விண்ணப்பத் தாள்களைக் கோர்த்திருந்த கோவையில் சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டினார்.

மறுவாரம் தபால்காரர் ஸப்ரி மோட்டார் சைக்கிளை லயத்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. "லெட்சுமணன், ஒங்கட பேய்க்கு ரெஜிஸ்டர் வந்தீக்கி" என்றார்.

"என்கிட்ட குடுங்க பாய், நான் கொண்டுபோய் வைக்கிறேன்."

"ஒங்ககிட்ட எப்பிடித் தாரது? ரெஜிஸ்டர்ன்னா உரியாளுட கையிலதான் குடுக்கணும். எனக்கு இன்னம் நாலு வருஷம் பென்சனுக்கு ஈக்கி."

ஸப்ரி காட்டோரத்தில் நின்று, வாய்க்குள் ஓதிக்கொண்டே, விதிப்படி மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் உள்ளே எங்கோ பலாப்பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது. கடிதத்தை ஒரு மரப்பொந்துக்குள் வீசிவிட்டு அவர் ஓடி வந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பிறகு ரசீதை எடுத்தார். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. 'பெற்றுக்கொண்டார்' என்றால் ஒப்பம் வேண்டும். 'இறந்துவிட்டார்' என்றால் சான்றிதழ் இலக்கம் வேண்டும். 'முகவரி மாறினார்' என்றால் புது முகவரி வேண்டும். மிஞ்சியது 'ஒப்பமிட மறுத்தார்' என்ற கட்டம் மட்டும்தான். ஸப்ரி அதில் சரி போட்டார்.

ரசீதைக் கண்ட சிவசுப்பிரமணியத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியளோ? மறுக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்க வேணும். ஆள் இருக்கிறா."

பிறகு நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, இறுதி நினைவூட்டல் ஒன்று. அதற்கும் பதில் வராததால், மிக இறுதி நினைவூட்டல் ஒன்று. ஐந்து மாதம் போயிற்று. நிஷாந்தி பகலில் மிளகு எடுத்தாள், பொழுது சாய்ந்ததும் பழைய வினாத்தாள்களைப் படித்தாள். "அப்பா, நம்பர் என்னாச்சு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் லெட்சுமணன், "வந்துரும்மா, எழுதிக்கிட்டு இருக்காங்க" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியில் கள ஆய்வுக்கு ஏழு பேர் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வந்த நாள் மிளகு எடுப்புத் தொடங்கி இரண்டாம் நாள். காட்டோரத்தில் முந்தின நாள் படையல் அப்படியே இருந்தது. மரத்தில் சிவப்புச் சேலை, கீழே வெற்றிலை, பாதி எரிந்த சுருட்டு, மூன்று கல், சாம்பல், கரி பிடித்த சட்டி.

"ஐயா, இதெல்லாம் நாங்க வச்ச படையலுங்க" என்றார் லெட்சுமணன்.

"விண்ணப்பதாரர் குறுக்கிடக் கூடாது" என்றார் சிவசுப்பிரமணியம். தங்கேஸ்வரி குறிப்பெடுத்தார். வசிப்பவர் பெண். உடைமை ஒரு சேலை. புகைபிடிக்கும் பழக்கமுண்டு. அன்றாடம் சமைக்கிறார். மலசலகூட வசதி இல்லை. உடனடியாக ஒன்று அமைத்துக் கொடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

கீழே, தொண்ணூற்றேழு பேருக்கு மூன்று கக்கூஸ் இருந்த லயத்திலிருந்து சனம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்தைக் கண்டதும் சிவசுப்பிரமணியத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பான பொதுமக்களே, எனக்கு இருபத்தொன்பது வருஷ சேவை. இத்தினை வருஷத்தில ஒரு நாளும் நான் ஆளைப் பாத்து முடிவெடுத்ததில்லை. கோவையைப் பாத்துத்தான் எடுத்திருக்கிறன். ஏனெண்டா ஆள் அழும், காலில விழும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும். கோவை அப்பிடி ஒண்டும் செய்யாது. இந்த மூக்காயி அம்மாவைப் பாருங்கோ. நூறு வருஷத்துக்கு மேல இஞ்ச இருக்கிறா. ஒரு நாளாவது கந்தோர் வரிசையில நிண்டிருக்கிறாவோ? என்ர விண்ணப்பம் என்னாச்சு எண்டு கேட்டிருக்கிறாவோ? மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினவவோ? இப்பிடியான பிரஜையளுக்குச் சேவை செய்யத்தான் நாங்கள் இருக்கிறம்."

அதிகாரிகள் ஆறு பேரும் கை தட்டினார்கள். லயத்துச் சனமும், தட்டாவிட்டால் ஏதும் பிழையாகிவிடுமோ என்று தட்டியது.

இரண்டு வாரத்தில் இலக்கம் வந்தது. நீல நிறத் தகரத்தில் வெள்ளை எழுத்தில், மூன்று மொழியிலும், 'இல. 1, மூக்காயி காடு, நாகமலை' என்று அழகாக எழுதியிருந்தது. அதைச் செயலகத்திலிருந்து தோளில் சுமந்து வந்தவர் லெட்சுமணன். பலா மரத்தில் நான்கு ஆணி வைத்து அடித்தவரும் அவர்தான். அடித்து முடித்ததும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, பார்க்க வந்திருந்த சிவசுப்பிரமணியத்திடம் கேட்டார்.

"அப்ப என்னோட நம்பருங்க ஐயா?"

"உங்கட லயம் தோட்டத்தின்ர காணி. அது எங்கட அதிகாரத்துக்குள்ள வராது. காடு அரச காணி. அதோட, அவ நூறு வருஷத்துக்கு மேல இருக்கிறா."

"நாங்களும் நூறு வருசமா இங்கதானுங்களே இருக்கோம்."

சிவசுப்பிரமணியம் அவரைப் பரிவோடு பார்த்தார். "நீங்கள் வேலைக்கு இருக்கிறியள். அவ வசிக்கிறா."

லெட்சுமணன் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. மனைவி சந்திரகாந்தா என்னவென்று கேட்டதற்கு, "இந்த நாட்டுல ஆளா இருக்கறதவிட பேயா இருக்கறது மேலு" என்று வெடித்தார். வாழ்நாளில் அவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தரம். சந்திரகாந்தா தட்டை மூடி வைத்தார்.

நிஷாந்திதான் பேசினாள். அவள் கையில் தாதியர் பயிற்சிக்கான கடைசி விண்ணப்பம் இருந்தது. முடிவு திகதிக்கு இன்னும் நான்கு நாள். "அப்பா, கையெழுத்துக்கூட போடாம அந்தம்மாவுக்கு நம்பர் கெடச்சிருக்கு. காட்டுல எடம் நெறைய இருக்கு. நாம அவங்க வீட்டுல குடியிருந்தா என்னாங்கறேன்?"

சொல்லிவிட்டு அவள், 'மேற்பார்வை' என்பதற்கு மே/பா போட்டு, முகவரியை எழுதத் தொடங்கினாள். 'நிஷாந்தி, மே/பா மூக்காயி, இல. 1, மூக்காயி காடு, நாகமலை.' லெட்சுமணன் எட்டிப் பார்த்தார். ஐந்து மாதம் வரிசையில் நின்ற மனுசன் சும்மா நிற்கவில்லை, அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவரும் ஒரு தாள் எடுத்து எழுதி, பதிவுத் தபாலில் போட்டார்.

பலா மரத்தில் ஒரு பெயின்ட் வாளியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஸப்ரிக்கு இப்போது பயம் விட்டுப் போயிருந்தது. "அரசாங்கம் நம்பர் போட்ட எடத்துல எந்தப் பேய் ஈக்கும்?" என்று சொல்லிக்கொண்டே வாளிக்குள் கடிதம் போடுவார்.

கடிதம் வந்தது. திங்கட்கிழமை முத்திரை குத்தியது, புதன்கிழமை வாளியில் கிடந்தது. நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நிஷாந்தி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு லயம் முழுக்க ஓடினாள். ஆனால் கடைசி வரியில் ஒரு முள் இருந்தது. மேற்படி முகவரியில் வசிப்பதற்கான சான்று, செயலக முத்திரையுடன் கொண்டுவர வேண்டும்.

மறுபடி வெள்ளைச் சட்டை, மறுபடி சிவசுப்பிரமணியம். மகள் பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை மூக்காயி அம்மாவின்ர வீட்டில இருக்கிறா எண்டு சொல்லுறியள்" என்றார் அவர். "வீட்டுக்காரியின்ர சம்மதம் வேணுமே. எங்க?"

லெட்சுமணன் பொலித்தீன் பையைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். "இது நான் அவங்களுக்குப் போட்ட கடுதாசியோட பிரதிங்க. எம்மக அங்க குடியிருக்கறதுல ஆட்சேபனை இருந்தா பதினாலு நாளுக்குள்ள சொல்லணும்னு எழுதியிருக்கேன். இது பதிவுத் தபால் துண்டுங்க. இது ரசீதுங்க, ஒப்பமிட மறுத்துட்டாங்க. இன்னைக்குப் பதினேழு நாள் ஆச்சு. ஆட்சேபனை ஒன்னும் வரலீங்க."

சிவசுப்பிரமணியம் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரசீதின் திகதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"இருபத்தொன்பது வருஷத்தில," என்றார் தழுதழுத்த குரலில், "ஒரு பொதுமகன் ஒழுங்கான கோவை கொண்டுவந்தது இதுதான் முதல் தரம்." முத்திரையை ஊதி, ஓங்கிக் குத்தினார். நிஷாந்தி மூக்காயி என்பவரின் பராமரிப்பில் வசிக்கிறார், நன்னடத்தையுள்ளவர் என்று சான்று சொன்னது.

நிஷாந்தி தெரிவு செய்யப்பட்டாள். அவள் மாத்தளைக்குப் போய்க் கண்டி பஸ் பிடிக்கிற காலையில், சந்திரகாந்தா பலா மரத்தடியில் ஒன்றுக்கு இரண்டாகச் சுருட்டு வைத்தார். கல்லெறிந்து துரத்திய லயத்துப் பிள்ளைக்குத்தானே மூக்காயி தன் வீட்டைக் கொடுத்தாள் என்று நினைத்த லெட்சுமணன், காட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த மாதத்துக்குள் மீதி இருபத்தொரு குடும்பமும் பதிவுத் தபால் போட்டுவிட்டது. மூக்காயி யாருக்கும் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை. இப்போது செயலகப் பதிவேட்டில் இல. 1இல் தொண்ணூற்றெட்டுப் பேர் வசிக்கிறார்கள், மூக்காயியையும் சேர்த்து. அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு காட்டுக்குள் வாழ்வது சுகாதாரக் கேடு என்று வேறொரு கோவை திறந்திருப்பதாகவும் கேள்வி.

போன வாரம் வாளிக்குள் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. 'திரு. லெட்சுமணன், மே/பா மூக்காயி, இல. 1' என்று தட்டச்சில் இருந்தது. அவர் பெயருக்கே நேராக வந்த முதல் கடிதம். மரத்தடியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார்.

'வீட்டு இலக்கம் கோரிய தங்கள் விண்ணப்பம் தொடர்பானது. தங்களுக்கு நிலையான முகவரி எதுவும் இல்லை எனத் தெரியவருவதால், மேற்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.'

லெட்சுமணன் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். முந்தாநாள் போட்ட கடிதம். இரண்டே நாளில் வந்து சேர்ந்திருந்தது. எழுந்து, அதை நான்காக மடித்து, சுருட்டுக்குப் பக்கத்தில் காற்றில் பறக்காமல் ஒரு கல்லை வைத்தார்.

"தாயி," என்றார் காட்டைப் பார்த்து, "எனக்கு அட்ரஸ் இல்லையாம். பதில் போடணும்னா நீங்களே போட்ருங்க."